புதன்கிழமைக்கு ரெண்டு கலர்

ரங்கூன்ல இருக்கற எங்க டிசைன் ஆபீசுக்கு போர்டு அடிக்க வந்த ஒரு கஃபே ஓனர், "சினெஸ்தீசியா ரூம்" ஒண்ணு பண்ணித் தர முடியுமான்னு கேட்டாரு. பாட்டு மாற மாற சுவர்ல கலர் மாறணும், கலருக்கு ஏத்த வாசனை வரணும், கையில இருக்கற ஜூஸும் அதே கலர்ல இருக்கணும், உள்ள வந்து உக்காந்தவங்களுக்கு கண்ணு எது காது எதுன்னே தெரியாமப் போயிரணும், அதான் அவரோட ஆசை. செலவுக் கணக்கு போட்டுக் குடுத்ததும் அந்தப் பேச்சு அதோட நின்னுபோச்சு. எனக்குள்ள மட்டும் நிக்கல. ஏன்னா எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து சினெஸ்தீசியா இருக்கு, அதாவது ஒண்ணைப் பாத்தாலோ கேட்டாலோ அதோட சம்பந்தமே இல்லாத இன்னொரு உணர்வும் தானா கூட வர்றது, அது அவர் சொன்ன மாதிரி இல்லவே இல்ல, அதோட எல்லாப் புலனுக்கும் சேத்து ஒரு இடத்தை டிசைன் பண்றதுன்னா என்னங்கறதுக்கு அந்த ரூம் நேர் எதிர்த் திசையில போகுதுன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. அதை அவர்கிட்ட அன்னைக்கு சரியா எடுத்துச் சொல்ல வரல. இங்க சொல்லிப் பாக்குறேன்.

என்னோடது எப்படின்னா, எழுத்துக்கும் கிழமைக்கும் கலர் இருக்கும். க செங்கல் கலர். ம கருநீலம். ழ பச்சை, அதுவும் மழை பெஞ்சு ஓஞ்ச பின்னாடி இருக்கற பச்சை. பேப்பர்ல கறுப்பு மையில அடிச்சிருந்தா கறுப்பாத்தான் தெரியுது, ஆனா படிக்கும்போதே உள்ள அந்தக் கலரும் கூட வந்துரும், நான் கூப்பிட்டு வர்றதில்ல, வேணாம்னாலும் போறதில்ல. இது நோய் இல்ல, பெரிய வரமும் இல்ல, இதால பரீட்சையில ஒரு மார்க் கூடுதலா வாங்குனதும் இல்ல. விஷயம் தெரிஞ்சவங்க உடனே கேக்குறது "என் பேரு என்ன கலர்?"ங்கறதுதான். சொன்னா பாதிப் பேரு மூஞ்சி சுளிப்பாங்க, அவங்களுக்கு சிவப்பு வேணும், எனக்குத் தெரியுறது சாம்பல்.

அந்தச் சுளிப்புலயே கஃபே ஓனருக்கு பாதி பதில் இருக்கு. ரஷ்யாவுல ஸ்க்ரியாபின்னு ஒரு இசையமைப்பாளர், 1910ல முடிச்ச ஒரு சிம்பொனிக்கு வாத்தியங்களோட சேத்து, கட்டையை அழுத்துனா கலர் வெளிச்சம் வர்ற ஒரு கீபோர்டையும் எழுதி வெச்சாரு. அவருக்கு உண்மையிலேயே சினெஸ்தீசியா இருந்துச்சா, யோசிச்சுப் போட்ட கணக்கான்னு இன்னும் சண்டை போடுறாங்க, அது கிடக்கட்டும். அவர் காலத்துலயே இருந்த ரிம்ஸ்கி கோர்சகோவும் ஸ்வரத்துக்கு கலர் உண்டுன்னு சொன்னவர்தான். ஆனா ஸி மேஜர்ங்கற ஸ்வர வரிசை ஸ்க்ரியாபினுக்கு சிவப்பு, ரிம்ஸ்கி கோர்சகோவுக்கு வெள்ளை. ஒரே நாடு, ஒரே இசை, ரெண்டு பேரும் மேதைங்க, அவங்களுக்குள்ளயே ஒத்து வரல. அப்ப என் கலரை எடுத்து ஒரு ரூம் கட்டினா அதுல நான் ஒருத்திதான் நிம்மதியா உக்கார முடியும், இன்னொரு சினெஸ்தீசியாக்காரர் வந்தா அவருக்கு தலைவலிதான் வரும்.

எட்டு மூலை, எட்டு கிழமை

என் கலர்ல எனக்கே ரொம்பப் பிடிச்சது புதன்கிழமை. எனக்கு அது ரெண்டு கலர். காலையில இளம்பச்சை, மத்தியானத்துக்கு மேல புகை மாதிரி ஒரு நீலம். தஞ்சாவூர்ல இருக்கற என் சித்தி பொண்ணுக்கும் கிழமைக்கு கலர் தெரியும் (இது குடும்பத்துல ஓடுற விஷயம்தான்), ஆனா அவளுக்கு புதன் முழுசும் ஒரே மஞ்சள். ஏன் எனக்கு மட்டும் ரெண்டுன்னு ரங்கூன்ல வளந்தவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. இங்க பர்மா வழக்கப்படி புதன் ரெண்டு நாள். காலைப் புதனுக்கு தந்தம் உள்ள யானை, தெக்கு திசை. மத்தியானத்துக்கு மேல அது ராகு, தந்தம் இல்லாத யானை, வடமேற்கு. சுவேடகோன் பாயாவுல, அதான் இங்க இருக்கற பெரிய புத்தர் கோயில், எட்டு மூலையில எட்டு கிழமைக்கு இடம் இருக்கு, அவங்கவங்க பொறந்த கிழமை மூலையில போய் தண்ணி ஊத்துறாங்க. எழுத்துக்கும் கிழமை உண்டு, க வரிசை எழுத்து திங்கள், ச வரிசை செவ்வாய், ப வரிசை வியாழன். அந்த வழக்கப்படி பேர் வெச்ச பர்மாக்காரங்க பேரைக் கேட்டா எந்தக் கிழமை பொறந்தாங்கன்னு ஊகிச்சுரலாம். சின்ன வயசுல பக்கத்து வீட்டு பர்மா அம்மா என்னைக் கூட்டிட்டுப் போய் இது புலி, இது சிங்கம்னு ஒவ்வொரு மூலையா காட்டுவாங்க, நான் மனசுக்குள்ள இது ஆரஞ்சு, இது பழுப்புன்னு சொல்லிட்டே நடப்பேன்.

அதாவது என் தலைக்குள்ள தானா வர்றதுன்னு நான் நெனைச்சதுல ஒரு பங்கை இந்த ஊர் போட்டிருக்கு. இது என் கற்பனை இல்ல. நேதன் விட்ஹாஃப்ட், ஜொனதன் வினாவெர்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி, சில சினெஸ்தீசியாக்காரங்களோட எழுத்துக் கலர், அவங்க குழந்தையா இருந்தப்ப விக்க வந்த பிளாஸ்டிக் காந்த எழுத்துங்களோட கலர்தான்னு காட்டினாங்க, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி விளையாடுவாங்களே அது. 2006ல அவங்க எழுதுன முதல் ஆள் ஒரு பொண்ணு, சின்ன வயசுல ரஷ்யாவுக்குப் போய் ரஷ்ய எழுத்து கத்துக்கிட்டவ, அந்தப் புது எழுத்துக்கும் பழைய எழுத்தோட கலரே சாயலை வெச்சோ சத்தத்தை வெச்சோ தாவிடுச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு புல்லரிச்சுது, ஏன்னா எனக்கு பர்மிய எழுத்து வந்ததும் இப்படித்தான். தமிழ் ப மேல திறந்த ஒரு சதுரம், பர்மிய ப மேல திறந்த ஒரு வட்டம். ரெண்டும் பிராமியிலேருந்து வந்த பங்காளிங்க. எனக்கு ரெண்டும் ஒரே கலர், பர்மிய ப மட்டும் அந்தக் கலர்லயே கொஞ்சம் மங்கல், முனை இல்லாததாலயோ என்னவோ.

முனைன்னதும் இன்னொண்ணு. சென்னை ஸ்டான்லியில டாக்டருக்குப் படிச்ச வி. எஸ். ராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பர்டோட சேந்து 2001ல ஒரு பழைய சோதனையைத் திருப்பிப் பண்ணாரு. ஒரு படம் கூர்கூரா முனை வெச்சது, இன்னொண்ணு கொழகொழன்னு வளைஞ்சது. இதுல ஒண்ணு பேரு கீகீ, ஒண்ணு பேரு பூபா, எது எதுன்னு கேட்டா 95 சதவீதத்துக்கு மேல கூரா இருக்கறதைத்தான் கீகீங்கறாங்க. அமெரிக்க காலேஜ் பசங்களும் சரி, தமிழ் பேசுறவங்களும் சரி. ஆமா, அந்தச் சோதனைக்கு உக்காந்ததுல நம்ம ஆளுங்களும் உண்டு. 2022ல 25 மொழிக்காரங்கள வெச்சுப் பாத்தப்ப அது கிட்டத்தட்ட 72 சதவீதம்னு வந்துச்சு, கம்மிதான், இருந்தாலும் தற்செயல்னு தள்ள முடியாது. ஆக்ஸ்போர்டுல சார்லஸ் ஸ்பென்ஸ் கூட்டம் 2004ல சிப்ஸ் கடிக்கிற சத்தத்தை ஹெட்போன்ல கூட்டிக் குடுத்தாங்க, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுன்னு இருக்குன்னு ஜனங்க சொன்னாங்க. காதும் வாயும் பேசிக்கறது எல்லாருக்கும் உண்டு. சினெஸ்தீசியா ஏதோ ஒரு வகையில இருக்கறவங்க நூத்துக்கு நாலு பேருக்கு மேலன்னு 2006ல ஜூலியா சிம்னர் கணக்கெடுத்துச் சொன்னாங்க, அதுல அதிகம் பேருக்கு இருந்தது என்னை மாதிரி கிழமைக்கு கலர். மிச்ச 96 பேருக்கு கலர் வராது, ஆனா கீகீ வரும், மொறுமொறு வரும். டிசைன் பண்றவ கையில பிடிச்சு நிக்க ஏதாவது இருக்குன்னா அது இந்தப் பொது விஷயம்தான், என் தனிக் கலர் இல்ல.

தரையில அஞ்சு கோடு

இதெல்லாம் மூளைக்குள்ள ஓடிட்டிருக்கும்போதுதான் ஒரு கிளினிக் வேலை வந்துச்சு. ரெண்டு மாடி, நீளமான காரிடார், வர்றவங்க வழி தெரியாம எல்லார்கிட்டயும் கேட்டுட்டே நிக்குறாங்க. டாக்டர் வெளிநாட்டுல பாத்துட்டு வந்து, தரையில அஞ்சு கலர் கோடு போடணும்னு சொன்னாரு, ரத்தம் குடுக்க சிவப்பு, எக்ஸ்ரேக்கு பச்சை, மருந்துக்கு நீலம், இப்படி. கலர்னா எனக்கு உயிரு, ஆனா ரங்கூன்ல கலரை மட்டும் நம்பி வழி போடலாமா? இங்க கரண்டு எப்ப போகும்னு எல்லாருக்கும் தெரியும், எப்ப வரும்னுதான் தெரியாது. ஜெனரேட்டர் ஓடுறப்ப காரிடார்ல ஒரு லைட்டு ரெண்டு லைட்டுதான் எரியும். வெளிச்சம் ரொம்பக் குறைஞ்சா கண்ணுல கலர் பாக்குற செல்லு வேலை செய்யாது, வேற செல்லுங்கதான் பாக்குது, அதுங்களுக்கு எல்லாம் சாம்பல். நீலமும் பச்சையும் சிவப்பும் கலரே இல்லாத கோடா ஆயிரும். நல்ல வெளிச்சத்துலயே சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத ஆம்பளைங்க ஐரோப்பியக் கணக்குப்படி நூத்துக்கு எட்டு பேரு. அப்புறம் கண்ணே தெரியாதவங்க. கண்ணுக்காக கிளினிக் வர்றவங்களும் அங்க இருக்காங்க.

டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். "சரி, வேற என்ன பண்ணலாம்?"னு கேட்டாரு. கேள்வி நியாயம். என்கிட்ட பதில் இல்ல. பதில் வந்தது எங்க அத்தைகிட்டேருந்து.

அத்தைக்கு கிளக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்குற வியாதி, போன பார்வை திரும்பி வராது. இப்ப அவங்களுக்குத் தெரியுறது ஒரு சின்ன ஓட்டை வழியா பாக்குற அளவுதான், அதுவும் மங்கல். தெருவுல அவங்க நடக்குறதைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறும். எங்க டவுன்டவுன் பிளாட்பாரம் தெரியுமே, பேந்த சிலாப்பு, டீக்கடை குட்டி ஸ்டூலு, குறுக்க ஜெனரேட்டர். கம்பைத் தட்டித் தட்டி, ஒரு கையை முன்னால நீட்டிக்கிட்டு, ஒவ்வொரு அடியும் யோசிச்சு வெப்பாங்க. ஒரு வெள்ளிக்கிழமை அவங்களோட கோயிலுக்குப் போனேன். வாசல்ல செருப்பை விட்டாங்க. கம்பை மடக்கி கக்கத்துல வெச்சாங்க. அப்புறம் நடந்தாங்க பாருங்க, நான் அவங்க பின்னால ஓட வேண்டியதாப் போச்சு.

எப்படி அத்தைன்னு கேட்டேன். அவங்க நடந்துட்டே சொன்னது அப்படியே காதுல இருக்கு. "தரை சுட்டா கொடிமரத்துகிட்ட வெளியில நிக்குறேன்னு அர்த்தம். குளுந்துச்சுன்னா மண்டபம். மணிச் சத்தம் மேல போய் சுத்திட்டு வந்தா நடு மண்டபம், உடனே காதுல அடிச்சா சன்னதி கிட்ட. காலுல தண்ணி ஈரம் பட்டா அம்மன் அபிஷேகத் தண்ணி போற பக்கம், இன்னும் நாலு எட்டு வெச்சா நல்லெண்ணெ வாசம், தரையில பிசுக்கு, அது நவகிரகம். இங்க எனக்கு யாரும் வழி சொல்ல வேணாம்மா, ஒவ்வொரு சாமியும் நான் இங்க இருக்கேன்னு தானே சொல்லிக்குது."

அங்கயே நின்னுட்டேன். நானும் பொறந்ததுலேருந்து வர்ற கோயில், அந்தத் தரையை என் காலும் தொட்டிருக்கு, ஆனா கண்ணு பேசிட்டே இருக்கறதால காலு சொன்னதை கேக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்ல. நம்ம ஊருல கோயிலும் சரி, பாயாவும் சரி, வெறுங்காலோடதான் போகணும், அதனால இங்க எல்லார் காலும் நல்லாப் படிச்ச காலு, உச்சி வெயில்ல பாயா மார்பிள்ல நடந்து பாத்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். அங்க ஒரு இடத்தை ஒரே ஒரு புலன் காட்டல, ரெண்டு மூணு சேந்து காட்டுது. எண்ணெ வாசமும் பிசுக்கும் சேந்து நவகிரகம். ஒண்ணு இல்லாதவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. கஃபே ஓனர் கேட்டது எல்லாப் புலனையும் ஒண்ணாக் குழைச்சு ஆளை மயக்குறது. இங்க ஒவ்வொரு புலனும் தனித்தனியா நின்னு ஒரே சாட்சி சொல்லுது.

பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. அந்த எண்ணெப் பிசுக்குல வயசானவங்க வழுக்கி விழுந்ததும் உண்டு, படிக்கட்டுல பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது. யாரும் கண் தெரியாதவங்களுக்குன்னு யோசிச்சு அதைக் கட்டல. ஆனா யாரும் எதையும் அழிக்கவும் இல்ல. அத்தையை கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போனேன். வாசல்லேருந்து கடைசி ரூம் வரைக்கும் நடந்துட்டு, "எல்லா இடமும் ஒரே வழவழப்பு, ஒரே ஃபினாயில் வாசம், ஒரே ஏசி குளுரு. எவ்வளவு நடந்தாலும் நின்ன இடத்துலயே நிக்குற மாதிரி இருக்கு"ன்னாங்க. சுத்தம்னு நெனைச்சு நாம துடைச்சு எடுத்தது அழுக்கை மட்டுமில்ல.

விரலைக் கேட்டவர்

இதுக்கு அப்புறம்தான் பிரெயில் கதை எனக்கு வேற மாதிரி புரிஞ்சுது. பாரிஸ்ல பார்வையற்றோர் பள்ளி ஆரம்பிச்ச வாலன்டின் ஹவுய், பசங்க படிக்கறதுக்கு சாதாரண பிரெஞ்சு எழுத்தையே காகிதத்துல புடைக்க வெச்சு அச்சடிச்சாரு. நல்ல மனசு. ஆனா அது கண்ணுக்குன்னு பொறந்த எழுத்து, விரல் அதோட வளைவையெல்லாம் தடவிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள வாக்கியம் மறந்துரும். அதே பள்ளியில படிச்ச லூயி பிரெயில், பார்பியேன்னு ஒரு பட்டாளத்துக்காரர் போட்ட பன்னெண்டு புள்ளி முறையை எடுத்து ஆறு புள்ளியா குறைச்சாரு, 1824ல, அப்ப அவருக்கு 15 வயசு. ஆறு புள்ளின்னா விரல் நுனி நகராம ஒரே தொடுதல்ல முழு எழுத்தும் தெரியும். பாக்குறவங்களுக்கு அது எழுத்து மாதிரியே இருக்காது. இருக்க வேணாமே, அது கண்ணைக் கேட்டுச் செஞ்சது இல்லையே, விரலைக் கேட்டுச் செஞ்சது. நம்ம ஊருக்கும் இதுல ஒரு கதை இருக்கு. 1917ல ரங்கூன் வந்த வில்லியம் ஹென்றி ஜாக்சன்னு ஒரு ஆங்கிலப் பாதிரியார், அவருக்கே கண் தெரியாது, கெமண்டைன்ல பார்வையற்ற பசங்க பள்ளியை நடத்தி பர்மிய மொழிக்கு பிரெயில் உருவாக்கினாரு. வட்ட வட்டமா இருக்கற பர்மிய எழுத்தை அப்படியே புடைக்க வெச்சிருந்தா எந்த விரலுக்கும் ஒண்ணும் புரிஞ்சிருக்காது, எல்லாம் ஒரே வட்டமா இருந்திருக்கும்.

ஜப்பான்ல மியாகே செய்இச்சி 1965ல கண்டுபிடிச்ச மேடு வெச்ச டைல்ஸும் இதே ஜாதி. 1967ல ஒகயாமாவுல ஒரு ரோட்டோரத்துல முதல்ல பதிச்சாங்க, இப்ப உலகம் பூரா ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கு. காலுக்கு மேடு, கொஞ்சம் பார்வை உள்ளவங்களுக்கு மஞ்சள் கலர், கம்பு பட்டா சத்தமும் மாறும். எங்க டவுன்டவுன் பழைய பில்டிங்ல மாடியிலேருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்குமே, நுனியில கிளிப்பு, மேல மணி, அதையும் நான் இதுல சேப்பேன். பேப்பர்காரர் கயிறை இழுத்தா நாலாவது மாடியில மணி அடிக்கும், கிளிப்புல பேப்பரை மாட்டினா மேல போயிரும். கரண்டு வேணாம், கத்த வேணாம், கைக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு வேலை. எந்த டிசைனரும் கையெழுத்து போடாத நல்ல டிசைன்.

கிளினிக்குக்கு கடைசியா நான் குடுத்தது இதான். கோடு இருக்கட்டும், ரெண்டே கோடு, அதுவும் கலர்ல மட்டுமில்ல, ஒண்ணு நேர்க்கோடு, ஒண்ணு விட்டு விட்டு. காரிடார் முழுக்க சுவரோரம் மரக் கைப்பிடி, ஒவ்வொரு கதவுக்கு முன்னாலயும் கைப்பிடியில வெட்டு, ஒரு வெட்டுன்னா ரத்தம், ரெண்டுன்னா எக்ஸ்ரே, மூணுன்னா மருந்து. கவுன்டர் முன்னால மட்டும் தரை சொரசொரப்பா மாறணும். டோக்கன் நம்பர் போர்டுல எரியுறதோட நிக்காம வாயாலயும் கூப்பிடணும், காது கேக்காதவங்களுக்கு போர்டு, கண்ணு தெரியாதவங்களுக்கு குரல். டாக்டர் கைப்பிடிக்கு உடனே சரின்னாரு, முட்டி வலிக்காரங்களுக்கும் ஆகும்னு. குரலுக்கும் சரி, ஆனா ஜெனரேட்டர் ஓடுறப்ப யாருக்குக் கேக்கும்னு கேட்டாரு, நல்ல கேள்வி, இப்ப ஜெனரேட்டரை பின்பக்கச் சந்துக்கு மாத்த முடியுமான்னு பாத்துட்டிருக்காங்க.

கைப்பிடி வந்ததும் அத்தையைத்தான் முதல்ல நடக்க விட்டேன். விரலை ஓட்டிட்டே போனவங்க மூணாவது கதவுகிட்ட நின்னு, "இது ரெண்டா மூணா?"ன்னாங்க. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவுல இடம் பத்தல, நடந்துட்டே தடவுறப்ப ரெண்டும் சேந்து ஒண்ணாயிருது. விளிம்பும் கூரா இருக்கு, வயசானவங்க தோலைக் கிழிச்சிரும்னாங்க. ஆசாரி அண்ணன் அங்கயே உக்காந்து, அத்தை விரலை அளவுக்கு வெச்சு, இடைவெளியைக் கூட்டி விளிம்பை இழைச்சுக் குடுத்தாரு. தரை விஷயத்துலதான் டாக்டர் இன்னும் இறங்கி வரல, சொரசொரப்புன்னா அழுக்கு சேரும், கழுவக் கஷ்டம்ங்கறாரு. ஆஸ்பத்திரிக்காரருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யணும். மேடு வெச்ச ரப்பர் ஷீட்டுல சாம்பிள் ஒண்ணு வரவழைச்சிருக்கேன், அவர் கண்ணு முன்னாலயே அழுக்காக்கி, ஃபினாயில் ஊத்திக் கழுவிக் காட்டப் போறேன்.